கலைக்கும்போது அடிச்சீட்டைப் பார்ப்பது: கண்ணை எங்கே வைப்பது?

அரைக்கட்டு:
இரண்டு மாதமாக ஒரே வித்தையைப் பழகுகிறேன். சீட்டுக்கட்டைக் கலைத்து முடிக்கும்போது அடிச்சீட்டைப் பார்த்துக்கொள்வேன். எதிரில் இருப்பவர் தான் எடுத்த சீட்டைக் கட்டின் மேல் வைத்து, கட்டை வெட்டுவார், அதாவது மேல் பாதியை எடுத்து அடிப் பாதிக்குக் கீழே வைப்பார். வெட்டியதும் நான் பார்த்த சீட்டு அவருடையதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டால், என் சீட்டுக்கு அடுத்தது அவருடையது. கண்ணாடி முன்னால் கச்சிதமாக வருகிறது.

போன ஞாயிறு அக்கா மகளிடம் காட்டினேன். ஒன்பது வயது. ஹார்ட்டின் ஆறு வரும்வரை காத்திருந்து அடுத்த சீட்டை நீட்டினேன். "இது இல்லை மாமா, என்னுடையது எப்போதோ போய்விட்டது" என்றாள். போதாததற்கு, "கலைக்கும்போது எதற்குக் குனிந்து பார்த்தீர்கள்?" என்று வேறு கேட்டாள். சீட்டு எப்படி மாறியது?

பழையசீட்டு:
மாறவில்லை. நீங்கள் பார்த்தது ஹார்ட்டின் ஒன்பது. அதற்கு அடுத்து எது வந்தது என்று அவளையே கேளுங்கள்.

சீட்டில் எண் இடது மேல் மூலையிலும் வலது கீழ் மூலையிலும் இருக்கிறது. மேல் மூலையை உங்கள் விரல்கள் மறைத்திருக்கும். கீழ் மூலையில் எண் தலைகீழாகத் தெரிந்திருக்கும். நேராக இருந்தால் எண் மேலே, சின்னம் கீழே. சின்னம் மேலே தெரிந்தால் தலைகீழ். ஹார்ட்டினின் கூர் எந்தப் பக்கம் என்று பார்த்தும் சொல்லலாம். டைமனில் அந்த உதவி கிடையாது, எப்படித் திருப்பினாலும் அது ஒன்றுதான். நானும் ஒரு கல்யாண வீட்டில் இதே ஆறிடம் அவமானப்பட்டவன்.

கண்ணுக்கு வருவோம். நீங்கள் சீட்டைத் தேடிப் போகிறீர்கள், அதுதான் தவறு. முடிக்கும்போது பார்க்காதீர்கள், எல்லார் கவனமும் அப்போது கையில்தான். பாதியில் நிறுத்தி, விளிம்பைச் சரிசெய்வதுபோல் கட்டை மேசையில் நீளவாக்கில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். அடிச்சீட்டின் முகம் உங்கள் பக்கம் இருக்கும். தட்டுகிறவன் தன் கையைப் பார்ப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. உடனே நிமிர்ந்து, "யார் சீட்டு எடுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே தொடர்ந்து கலையுங்கள். இடது கை விரல்கள் அடிச்சீட்டை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை மீதியை உருவி அதன் மேல் போட்டுக்கொண்டே வரட்டும். 1902-இல் சிகாகோவில் எர்ட்நேஸ் என்ற புனைபெயரில் புத்தகம் போட்டவர், அடிச்சீட்டுகள் இடம் மாறாமல் கலைப்பதை விளக்கியிருக்கிறார். அவர் யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை. சீட்டை ஒளிக்கத் தெரிந்தவர் பெயரையும் ஒளித்துக்கொண்டார்.

மூன்றாம்கை:
ரம்மி ஆடுகிற இடத்தில் இப்படித் தட்டிவிடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் கட்டைத் தன் பக்கம் சாய்த்தாலே கையிலிருந்து பிடுங்கிவிடுவோம். சூதாட்ட விடுதிகளில் அடிச்சீட்டை மறைக்கவே நிறப் பிளாஸ்டிக் சீட்டு ஒன்றை அடியில் வைக்கிறார்கள்.

அரைக்கட்டு:
கேட்டேன். ஹார்ட்டின் ஒன்பதுக்கு அடுத்து கிளாவர் ராஜா, அவளுடையது அதுதான். எனக்கே மறந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. இப்போதைக்கு ஆறு, ஒன்பது எட்டுச் சீட்டையும் எடுத்து வைத்துவிட்டுப் பழகுகிறேன்.

பழையசீட்டு:
44 சீட்டிலா? அவள் எண்ணிவிடப்போகிறாள்.