பக்கத்து வீட்டு நாயைப் பதினெட்டு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பிட மறுக்கிறது

கேள்வி: மதுரை வாசகி

வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி, தம் தாயாரின் அறுவை சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு வேலூருக்குச் சென்றிருக்கிறார். திரும்பி வரப் பதினெட்டு நாள் ஆகும்; இடையில் தீபாவளியும் வருகிறது. அவருடைய நாய் மணி, நான்கு வயதுச் சிப்பிப்பாறை, இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. நானும் என் கணவரும் நாய் வளர்த்துப் பழகியவர்கள் அல்லர். அவசரமாகப் புறப்பட்டவர்களிடம் எதையும் விரிவாகக் கேட்க முடியவில்லை. கழுத்துப்பட்டையையும் சங்கிலியையும் கையில் கொடுத்துவிட்டு, “நீங்கள் பார்த்துக்கொண்டால் எனக்குக் கவலை இல்லை அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டுமே என்பதுதான் என் கவலை.

இரண்டு நாளாக மணி தண்ணீர் மட்டுமே குடிக்கிறது. சாம்பார் சாதம், இட்லி, பாலில் ஊறவைத்த ரொட்டி என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. மாலை ஆறு மணி ஆனால் வாசற்கதவின் அருகே படுத்துக்கொள்கிறது. தெருவில் எந்த ஸ்கூட்டர் வந்தாலும் காதை நிமிர்த்துகிறது. வண்டி கடந்து போனதும் முகவாயைத் தரையில் வைத்துவிடுகிறது. விலா எலும்புகள் வெளியே தெரிகின்றன. நேற்று மனம் தாளாமல் குனிந்து அணைத்துக்கொள்ளப் போனேன், மெல்ல உறுமியது. என் கணவர் அதட்டினார். நான் எங்கே தவறு செய்கிறேன், தீபாவளியை எப்படிக் கடப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

பதில் 1: கோவை வாசகி

அம்மா, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். பதினோரு ஆண்டுகளாக மற்றவர்களின் நாய்களை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். புது இடத்தில் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருக்கும் நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கிறது, சோர்ந்து விழாமல் நடமாடுகிறது என்றால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். ஆனால் வேளைக்கு ஒரு உணவாக மாற்றி வைப்பதை நிறுத்துங்கள். எந்நேரமும் நாம் தட்டோடு பின்னால் நடந்தால், ஏற்கெனவே கலங்கியிருக்கும் நாய்க்கு அதுவே ஒரு நெருக்கடியாகிவிடும். வழக்கமான நேரத்தில் வையுங்கள். கால் மணி நேரத்தில் சாப்பிடாவிட்டால் எதுவும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள்.

நாய்க்கு அதன் வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல. எந்த நேரத்தில், எந்தப் பாத்திரத்தில், யார் எந்த இடத்தில் வைப்பார்கள் என்ற ஒழுங்கும் சேர்ந்ததுதான். சில ஆண்டுகளுக்கு முன் வயதான லாப்ரடார் ஒன்று என்னிடம் வந்தது. நான் வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் வாயே வைக்கவில்லை. குளியலறைக் கதவின் முன்னால் போய் நின்றுகொண்டே இருந்தது. வெளியே போகக் கேட்கிறது என்று நினைத்து இரண்டு முறை தெருவுக்கு அழைத்துப் போனேன். கடைசியில் உரிமையாளருக்குத் தொலைபேசியில் பேசியபோதுதான், அவர்கள் வீட்டில் அது எப்போதும் குளியலறையில் இருக்கும் வாளியில்தான் தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்தது. வாளியை வைத்த உடனே பாதி வாளியைக் குடித்துவிட்டு நிமிர்ந்தது. அன்று முதல் எந்த நாயை ஏற்றுக்கொண்டாலும், அது எங்கே படுக்கும், எப்போது வெளியே போகும், சாப்பிடும்போது யார் அருகில் இருப்பார்கள், எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கும், எதற்குப் பயப்படும் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். நீங்களும் தம்பியிடம் இன்றே பத்து நிமிடம் பேசுங்கள். முடிந்தால் அவர் உடுத்தி, துவைக்காமல் வைத்திருக்கும் கைலி ஒன்றை அவர்கள் வீட்டிலிருந்து எடுத்து, மணி படுக்கும் இடத்தில் விரியுங்கள்.

உறுமலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து அதற்காக அதட்டாதீர்கள். மேலே குனிந்து அணைப்பது நமக்குப் பாசம். அறிமுகமில்லாத நாய்க்கு அது வழியை மறித்துப் பிடிப்பது போன்றது. உறுமுவதற்கு முன்பே அது முகத்தைத் திருப்பியிருக்கும், உதட்டை நக்கியிருக்கும், தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விட்டிருக்கும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்த்திருக்கும். அவை எல்லாம் ‘கொஞ்சம் தள்ளி இருங்கள்’ என்று அது சொன்ன விதங்கள். உறுமலை அதட்டி அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டுமே போகும். அப்படிப்பட்ட நாய் அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடலாம். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, கையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது வந்து முகர்ந்தால் மார்பையோ கழுத்தின் பக்கத்தையோ இரண்டு மூன்று விநாடி தடவிவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே நெருங்கி வரும்.

பதில் 2: கால்நடை மருத்துவர், நாகர்கோவில்

சாம்பார் சாதத்தை இன்றே நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும், வேகவைத்திருந்தாலும்கூட, நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். ஆகவே பண்டிகை நாளில் பாயசமும் கேசரியும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். சாக்லேட்டும் கூடாது. காய்ச்சல் போல் தோன்றினாலும் நாம் விழுங்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்று முடிவு செய்வதும் தவறாகிவிடும்.

மூன்றாம் நாளும் சாப்பிடாவிட்டாலோ, தண்ணீரையும் மறுத்தாலோ, வாந்தி வந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காதின் உட்புறத்திலும் விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சலின் முதல் அறிகுறியும் சாப்பாட்டை மறுப்பதாக இருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதையும், அவசரமானால் எந்த மருத்துவரிடம் கொண்டு போகலாம், எவ்வளவு செலவு வரை செய்யலாம் என்பதையும் உரிமையாளரிடமிருந்து எழுத்தில், வாட்ஸ்ஆப் செய்தியாகவேனும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: கோவில்பட்டி வாசகர்

அக்கா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை இருக்கிறது. விலா எலும்பைப் பார்த்துப் பதற வேண்டாம். ஓட்டத்துக்கென்றே வளர்ந்த இனம். நல்ல உடல்நிலையிலும் கடைசி இரண்டு மூன்று எலும்புகள் தெரியும், வயிறு மேலே ஏறியிருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது கழுத்துப்பட்டையைத்தான். இந்த நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து அகலம். பயந்து பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டை தலை வழியாகக் கழன்று வந்துவிடும். மார்பையும் சேர்த்துக் கட்டும் பட்டை ஒன்றை வாங்கி, பழைய பட்டையோடு சேர்த்தே போடுங்கள். பூனையோ கோழியோ குறுக்கே ஓடினால் எவ்வளவு பழகிய நாயும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் காதில் வாங்காது. ஆகவே மைதானமாக இருந்தாலும் அவிழ்த்துவிடாதீர்கள். வாசற்கதவைத் திறக்கும் முன் மணி எந்த அறையில் இருக்கிறது என்று பாருங்கள்.

தீபாவளியில் காணாமல் போகும் நாய்களில் பல, ஒரே ஒரு வெடிச் சத்தத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவைதாம். நம் மாநிலத்தில் பட்டாசுக்கு அனுமதி காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் என்றாலும், வெடிச் சத்தம் அந்த நேரத்தோடு நிற்பதில்லை. விடிவதற்கு முன்பே ஒரு முறையும், மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு முறையும் வெளியே அழைத்துப் போய் வந்துவிடுங்கள். பிறகு சன்னல் குறைவான உள்ளறையில் கட்டாமல் விட்டு, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டால் வெளியே இழுக்க வேண்டாம். பயந்த நாயின் அருகில் உட்கார்ந்தால் பயம் கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அப்படி நடந்ததே இல்லை. அருகில் இருங்கள்.

மீண்டும்: மதுரை வாசகி

எல்லோருக்கும் நன்றி. அன்று இரவே தம்பியிடம் பேசினேன். அவர் தினமும் இரவு எட்டரை மணிக்குத் திண்ணையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாராம். மணியின் தட்டும் பக்கத்தில் இருக்குமாம். அவர் முதல் வாய் எடுத்து வைத்த பிறகுதான் மணியும் வாய் வைக்குமாம். வெறும் சோறும் வேகவைத்த கோழியும், உப்பு இல்லாமல், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் திண்ணை இல்லை என்பதால், பின்கட்டில் அவருடைய கைலியை விரித்து, இரண்டு தட்டுகளை வைத்து நானும் தரையில் உட்கார்ந்தேன். மணியைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தேன். வெகுநேரம் கதவருகிலேயே நின்றது. நான் மோருக்கு வந்தபோது பின்னால் தட்டு நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பாதிதான் சாப்பிட்டது, மறுநாள் முழுவதும் சாப்பிட்டுவிட்டது.

மாலை ஆறு மணிக்கு இன்னும் வாசலில்தான் படுக்கிறது. அதை நான் தடுக்கவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். மார்புப் பட்டை வாங்கிவிட்டோம். உள்ளறையில் தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பே மணியைப் படுக்கப் பழக்கலாமா, அல்லது அன்று மட்டும் கொண்டுபோனால் போதுமா?

பதில்: கோவில்பட்டி வாசகர்

இன்றே தொடங்குங்கள் அக்கா. அந்தக் கைலியையும் இரவுச் சாப்பாட்டையும் மெல்ல அந்த அறைக்கே கொண்டுபோய்விடுங்கள். போன தீபாவளிக்கு மணி எப்படி இருந்தது என்று தம்பியிடம் கேளுங்கள். மிகவும் நடுங்கியது என்றால், கடைசி நேரம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் அதற்கான மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.