18 அங்குல ரிம் மாற்றியபின் ஸ்டீயரிங் இழுக்கிறது, 85ஐத் தாண்டினால் நடுங்குகிறது: எங்கே தவறு?

ஈசூன் சிவிக்

வணக்கம். என்னுடையது 2018 ஹோண்டா சிவிக், 1.6, டர்போ இல்லாதது. இத்தனை வருடமும் கம்பெனி கொடுத்த 16 அங்குல ரிம்மில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்று வாரத்துக்கு முன் ஜோகூரில் ஒரு கடையில் 18 அங்குல ரிம்மும் புது டயரும் போட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஓட்டத்தான் பயமாக இருக்கிறது.

சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலையில் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த இடது தடத்தில் ஸ்டீயரிங் தானாக அங்கும் இங்கும் அலைகிறது. போன வாரம் பெருமழையில் இடது சக்கரம் மட்டும் தேங்கிய நீரில் இறங்கியது. கையிலிருந்து பிடுங்குவதுபோல் இழுத்தது. 85ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் முழுதாக ஒடித்து ஏறினால் முன் டயர் உரசுகிறது. அம்மாவும் பிள்ளைகளும் பின்னால் உட்கார்ந்தால் ஹம்ப்பில் (வேகத்தடையில்) பின்பக்கமும் உரசுகிறது.

கடையில் கேட்டேன். அலைன்மென்ட் பண்ணச் சொன்னார்கள். பண்ணியாகிவிட்டது. பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது) இரண்டு முறை பார்த்தாயிற்று. எதுவும் மாறவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

ஜூரோங் வாசி

எண்கள் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது நண்பரே. ரிம்மின் பின்பக்கம் அகலமும் இடி (ET) என்று ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். டயர் அளவு என்ன? ரிம்மின் நடுத்துளை எவ்வளவு? நட்டு புதிதா, பழையதா?

ஈசூன் சிவிக்

ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ரிம் 18க்கு 8 (விட்டம் 18, அகலம் 8 அங்குலம்), இடி 30. நடுத்துளை 73.1 மில்லிமீட்டர். டயர் 225/45 ஆர்18. நட்டு பழைய ஹோண்டா நட்டேதான். கடைக்காரர் அதையே திரும்பப் போட்டார். பழைய ரிம் 16க்கு 7, இடி 45. பழைய டயர் 215/55 ஆர்16.

பழைய ஸ்பானர்

தம்பி, முதலில் ஒன்று. நட்டை மாற்றும்வரை இந்தக் காரை விரைவுச்சாலையில் ஏற்றாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

ஹோண்டாவின் சொந்த நட்டின் முகம் பந்துபோல் உருண்டிருக்கும். வெளியே வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்புக் குழிதான் இருக்கும். கூம்புக் குழியில் உருண்டை நட்டை முறுக்கினால் இரண்டும் மெல்லிய ஒரு வளையத்தில்தான் தொடும். முறுக்கியதுபோல் தெரியும், ஆனால் பிடிப்பு இருக்காது. ஓட ஓடத் தளரும். டயர் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். கழன்று போன சக்கரத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொன்னேன். எம்12, 1.5 பிட்ச், கூம்பு நட்டு இருபது வாங்குங்கள். டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) 108 நியூட்டன் மீட்டர். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

நடுக்கத்துக்கும் இங்கேதான் வேர். உங்கள் ஹப், அதாவது காரில் சக்கரம் மாட்டும் அச்சு முகப்பு, 64.1. ரிம் துளை 73.1. விட்டத்தில் 9 மில்லிமீட்டர் வெற்றிடம். அந்த இடத்தை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும், ஹப் ரிங் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது இல்லாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது. பேலன்சிங் மெஷின் ரிம்மைத் தன் கூம்பில் மையப்படுத்திப் பிடிப்பதால் அங்கே சரி என்று காட்டும். காரில் போட்டதும் மையம் விலகிவிடும். நீங்கள் இரண்டு முறை கொடுத்த பேலன்சிங் காசு அப்படித்தான் வீணாயிற்று.

இனி இழுப்பு. இடி என்பது ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். உங்கள் காரில் 45 என்பது 30 ஆகிவிட்டது. சக்கரத்தின் நடுக்கோடே ஒவ்வொரு பக்கமும் 15 மில்லிமீட்டர் வெளியேறிவிட்டது. அகலமும் கூடியதால் ரிம்மின் வெளி விளிம்பு முன்பைவிட ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் நீட்டுகிறது. உட்பக்கமோ 2 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. அதாவது கூடிய அகலம் முழுதும் வெளியே போய்விட்டது.

இது ஏன் கைக்குத் தெரிகிறது? முன் சக்கரம் ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறது. மேலே ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) மவுண்ட், கீழே பால் ஜாயின்ட், இரண்டையும் சேர்க்கும் கோடு அது. அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் டயரின் நடுப்பகுதி பதியும்படி கம்பெனி அமைத்திருக்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் அசையாது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திறக்கும், இல்லையா? டயர் 15 மில்லிமீட்டர் வெளியே போனதும் சாலைக்குக் கைப்பிடிப் பக்கம் கிடைத்துவிட்டது. தேங்கிய நீர் இடது டயரைப் பின்னால் இழுக்கும்போது அந்த இழுப்பு அப்படியே ஸ்டீயரிங்குக்கு வருகிறது. நம் ஊர் மழையில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ந்த சாலை என்ற நிலையில் பிரேக் போட்டாலும் கார் பிடிப்புள்ள பக்கம் திரும்பப் பார்க்கும். பேரிங்குக்கும் சுமை கூடும்.

அலைன்மென்ட் என்பது சக்கரத்தின் கோணத்தைத் திருத்துவது. சக்கரம் நிற்கும் இடத்தை அதனால் மாற்ற முடியாது.

அப்புறம் டயர் உயரம். பழையது 643 மில்லிமீட்டர். இப்போது 660. சுமார் 2.6 சதவீதம் பெரியது. மீட்டர் 90 காட்டும்போது முன்பு உண்மையில் 87 ஓடியிருந்தால் இப்போது 89. முடுக்கமும் சற்று மந்தமாகும். வெளியே நீட்டிய சக்கரம் திரும்பும்போது பெரிய வட்டம் போடும், டயரின் ஆரமும் 8 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. கார்ப்பேட்டையில் உரசாமல் என்ன செய்யும்?

18 வேண்டும் என்றால் 8 அங்குல அகலத்தில் இடி 45 பாருங்கள். அப்போது வெளியே 13, உள்ளே 13 என்று பங்கு பிரியும்; உள்ளே ஸ்ட்ரட்டுக்கு இடம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டயர் 235/40 ஆர்18, உயரம் 645, பழையதோடு ஒத்துப்போகும். இதே தலைமுறை சிவிக்கின் ஸ்போர்ட் வகைக்கு ஹோண்டாவே போட்ட அளவு அது. பக்கத்தில் எழுதியிருக்கும் சுமை எண் 95, எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று இருக்கட்டும். எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையைத் தாங்க 42 பிஎஸ்ஐ காற்று வேண்டும், சாதாரண டயருக்கு 36 போதும். அதனால் பழைய காற்றளவை அப்படியே வைக்காதீர்கள்.

ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்பை உருட்டி மடக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உரசல் நிற்கும், இழுப்பு அப்படியே இருக்கும்.

செங்காங் அக்கா

நானும் சிவிக்தான் வைத்திருக்கிறேன், அதே 1.6. பழைய ஸ்பானர் அண்ணன் சொன்ன காரணங்கள் சரி. ஆனால் 18க்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

1.5 டர்போவில் வந்த கம்பெனி 17 அங்குல ரிம் பழையதாகக் கிடைக்கும். 17க்கு 7, இடி 45. டயர் 215/50 ஆர்17, உயரம் 647. நடுத்துளை ஹோண்டா ஹப்புக்கே செய்தது, வளையம் வேண்டாம். ஒருமுறை இரவல் வாங்கி 18 போட்டு ஓட்டிப் பார்த்தேன். என் அப்பாவுக்கு இடுப்பு வலி. ஹம்ப்பில் ஒவ்வொரு முறையும் முகம் சுளித்தார். வார்ப்பு ரிம் எடையும் கூடுதல். ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் குலுக்கலாகத் திரும்பி வரும். உங்கள் அம்மாவும் பின்னால்தானே உட்காருகிறார்?

இன்னொன்று. டயரோ ரிம்மோ மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை, பத்தைத் தாண்டினால் வருடம்தோறும். முன்பைவிட 28 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

ஜூரோங் வாசி

மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். டயர் நூலைத் தொட்டால் வெளியே நீட்டுகிறது என்று அர்த்தம்.

ஈசூன் சிவிக்

எல்லோருக்கும் நன்றி. நூல் கட்டிப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டிலும் தொட்டது.

அன்றே காக்கி புக்கிட்டில் கூம்பு நட்டும் 73.1க்கு 64.1 வளையமும் வாங்கிப் போட்டேன். நடுக்கம் முழுதாக நின்றுவிட்டது. 90இல் ஸ்டீயரிங் அசையவே இல்லை. இழுப்பும் உரசலும் மட்டும் அப்படியே இருந்தன, அண்ணன் சொன்னதுபோலவே.

அக்கா சொன்ன வழிக்கே போகிறேன். டர்போவின் 17 அங்குல ரிம் ஒரு செட் புக்கிட் பாத்தோக்கில் ஒருவரிடம் பேசி முடித்தாயிற்று. ரிம் நேராக இருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். சனிக்கிழமை மாட்டுகிறேன். 18ஐ விற்றுவிடுவேன், வாங்குபவரிடம் இடி 30 என்பதைச் சொல்லியே விற்பேன்.

பழைய ஸ்பானர்

நல்ல முடிவு தம்பி. ஆனால் கவனம்: கம்பெனி ரிம்முக்கு மறுபடி உருண்டை நட்டுதான். இப்போது வாங்கிய கூம்பு நட்டை அதில் போட்டுவிடாதீர்கள். டிக்கியில் ஸ்பேர் இருந்தால் அதற்கும் உருண்டை நட்டுதான். பழைய நட்டின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூன்று வாரம் தப்பான குழியில் இருந்தவை அவை.

ஈசூன் சிவிக்

பார்த்துவிட்டேன் அண்ணா. நான்கு நட்டின் முகத்தில் வட்டமாக வரி விழுந்திருக்கிறது. இருபதையும் புதிதாக வாங்கிவிட்டேன்.