ஸ்கூல் போர்டு சண்டைகளில் உங்களுக்கு நேர்ந்தது (வர்ஜீனியா, மேரிலாந்து நண்பர்கள் எழுதுங்கள்)

லவுடன்வாசி:
8040, அதாவது திருநர் மாணவர்கள் தங்கள் அடையாளப்படி பெயரும் பாத்ரூமும் பயன்படுத்த விடும் எங்கள் லவுடன் பள்ளிகளின் பாலிசி; அந்தப் பஞ்சாயத்து எல்லாருக்கும் தெரியும், மறுபடி நீளமாக விளக்கப்போவதில்லை. 2021 ஜூன் 22 கூட்டத்தில் பேச நானும் பெயர் கொடுத்திருந்தேன், எதிர்த்துப் பேசத்தான். பாத்ரூம் விஷயத்தில் எனக்கு இன்னமும் சம்மதம் இல்லை. கூச்சல் அடங்கவில்லை என்று போர்டு பாதியிலேயே பொதுமக்கள் பேச்சை நிறுத்தியது. சட்டவிரோதக் கூட்டம் என்று அறிவித்துவிட்டு ஷெரிஃப் ஆட்கள் எங்களை வெளியே அனுப்பினார்கள். வாசலில் எனக்கு முன்னால் ஒரு பிள்ளை, ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும். கையில் நோட்டுத்தாள், பென்சில் எழுத்து. நாலு இடத்தில் அடித்துத் திருத்தி, ஓரமெல்லாம் வியர்வையில் நைந்துபோயிருந்தது. "திரும்பக் கூப்பிடுவார்களா?" என்று என்னிடம் கேட்டது. நான் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. இன்றைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றேன். தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டது. ஆகஸ்டில் 7-2 என்று பாலிசி நிறைவேறியது, அதெல்லாம் வேறு கதை. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று கேட்காமல் வந்தது இன்றுவரை உறுத்துகிறது.

சென்டர்வில் அப்பா:
எங்க கதை டிஜே, ஃபேர்ஃபாக்ஸ்ல போட்டி போட்டு இடம் பிடிக்கிற தாமஸ் ஜெஃபர்சன் சயின்ஸ் ஹைஸ்கூல். 2020 கடைசியில அட்மிஷன் டெஸ்ட்டைத் தூக்கினாங்களே, அதுக்கப்புறம் வந்த முதல் பேட்ச். பொண்ணு ஆறாவதுல இருந்து சனி ஞாயிறு கோச்சிங் போனவ. கிடைக்கலை. அதைக்கூட விடுங்க. அந்தக் கோடையில ஒரு பிக்னிக், சாம்பார் சாத வரிசையில நிக்கிறோம். நம்மாள் ஒருத்தர் அவ காதுபடவே சொல்றார்: "உன் சீட்டைத்தான் கறுப்புப் பசங்களுக்குக் குடுத்துட்டாங்கம்மா." அவளோட சயின்ஸ் ஒலிம்பியாட்ல ஒண்ணா இருந்த கறுப்பினப் பொண்ணுக்கு அந்த வருஷம் இடம் கிடைச்சிருந்துச்சு. தட்டை அப்படியே வச்சுட்டுக் கார்ல போய் உக்காந்துட்டா. அந்தச் சிநேகிதியோட பேச்சும் நின்னுபோச்சு. ஆசியப் பிள்ளைங்க பங்கு 73 சதவீதத்துல இருந்து 54க்கு இறங்கினது உண்மை, எனக்கும் கோபம் உண்டு. ஆனா எனக்கு ஆறாதது அந்த வரிசையில கேட்ட பேச்சுதான்.

கிண்டி 98:
சென்டர்வில் சார், 54ஐச் சொன்னீங்க, மீதியையும் சொல்லணும். அதே பேட்ச்ல ஏழைக் குடும்பத்து ஆசியப் பிள்ளைங்க ஒண்ணுல இருந்து 51 ஆனாங்க. டெஸ்ட்டை எடுத்ததை எதிர்த்த வழக்குல, 2023 மே மாசம் நாலாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் குடுத்த தீர்ப்பிலேயே இருக்கு. ஒவ்வொரு மிடில் ஸ்கூல்லயும் 1.5 சதவீதம் பேருக்கு இடம், விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்குப் பிள்ளையோட பேரும் தெரியாது, இனமும் தெரியாது. 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுக்கவே இல்லை. இது எப்படி உங்க பொண்ணோட "சீட்டு" ஆச்சு?

எனக்கு நடந்ததையும் சொல்றேன். ஒரு வீட்டு விருந்துல என் பேட்ச்மேட் டிஜே மாத்தத்துக்கு எதிரான மனுவை டேப்லெட்டுல நீட்டி, மெரிட்டைக் காப்பாத்தணும், கையெழுத்துப் போடுன்னான். ரெண்டு பேரும் அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் வரிசையில கம்யூனிட்டி சர்டிபிகேட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னவங்க. அவன் பிசி, நான் எம்பிசி. 69 சதவீதம் இல்லைன்னா ரெண்டு பேருக்கும் விசாவே கிடையாது. தமிழ்நாட்டுல 2007ல இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வை எடுத்தப்ப, கிராமத்துப் பசங்க தப்பிச்சாங்கன்னு போன் போட்டுச் சந்தோஷப்பட்டவன் அவன். டேப்லெட்டைத் திருப்பிக் குடுத்தேன். அதுக்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடுறதில்லை.

சென்டர்வில் அப்பா:
அங்க நூற்றாண்டுக் கணக்கா ஜாதி மிதிச்சதுக்கு ஈடு அது. இங்க என் பொண்ணு யாரை மிதிச்சா? ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. தவிர, நான் அந்தப் பொண்ணைக் குறை சொல்லவே இல்லை, மறுபடி படிச்சுப் பாருங்க.

இரண்டு பிள்ளை அம்மா:
முதல் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. போன வருடம் பேரண்ட் டீச்சர் மீட்டிங். டீச்சர் என் பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்துச் சட்டென்று நிறுத்தினார். மேஜையில் இருந்த ஃபோல்டரைப் பார்த்தேன். பழைய லேபிள் மேல் புது லேபிள் ஒட்டியிருந்தது. முதல் பெயர் வேறு. கடைசிப் பெயர் மட்டும் அவங்கப்பா பெயர், அதில் கை வைக்கவில்லை. கையெழுத்து என் பிள்ளையுடையதுதான். என்னிடம் சொல்வதற்கு முன்னால் டீச்சரிடம் சொல்லியிருக்கிறது. கணக்கில் எவ்வளவு, ரீடிங்கில் எவ்வளவு என்று டீச்சர் பேசிக்கொண்டே போனார், எனக்கு அந்த லேபிளைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

ஜெர்மன்டவுன் பாய்:
சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. இதற்காகத்தான் நாங்கள் மேரிலாந்து மான்ட்கமரியில் தெருவில் நின்றோம். தன்பால் ஈர்ப்பாளர், திருநர் பாத்திரங்கள் வரும் சின்ன வகுப்புக் கதைப் புத்தகங்கள் விஷயத்தில், வேண்டாம் என்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு முதலில் விலக்கு கொடுத்தார்கள், 2023 மார்ச்சில் இனி கிடையாது என்றார்கள். முஸ்லிம்களோடு கிறிஸ்தவக் குடும்பங்களும் சேர்ந்து வழக்குப் போட்டு, 2025 ஜூன் 27 அன்று சுப்ரீம் கோர்ட்டில் 6-3 என்று எங்கள் பக்கம் வந்தது. என் மனைவி தட்டி பிடித்து நின்றபோது எதிரில் இருந்த ஒரு பாட்டி அழுதுகொண்டே, "என் பேரனை வெறுக்கிறாயா?" என்று கேட்டார். இல்லை என்று இவள் சொன்னது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவர்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன்.

ரிட்டயர்டு ஹெர்ண்டன்:
நான் ஒரே ஒரு கூட்டத்துக்குப் போனேன், என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் சில யோசனைகள். கூட்டம் பொங்கும் நாளில் போகாதீர்கள், கமிட்டிக் கூட்டங்களுக்குப் போங்கள். அங்கே நாலு பேர்தான் இருப்பார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். எழுதிவைத்துப் படியுங்கள், கடிகாரம் ஓடும். எச்1பி ஆட்கள் பயப்பட வேண்டாம், ஓட்டுத்தான் போட முடியாது, பேசலாம். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு மெயில் போடும்போது பாலிசி எண்ணைக் குறிப்பிடுங்கள். அம்மாவுக்குத் தனியாக: அப்போதைய வர்ஜீனியா கவர்னர் யங்கினின் அரசு 2023 ஜூலையில் கொண்டுவந்த மாதிரிக் கொள்கையில், பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் பள்ளியில் பெயரை மாற்றலாம் என்று இருந்தது. ஃபேர்ஃபாக்ஸும் லவுடனும் அதை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் மத்தியக் கல்வித்துறை இவ்விரண்டையும் சேர்த்து ஐந்து மாவட்டங்கள் டைட்டில் ஒன்பதை (பள்ளிகளில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) மீறுகின்றன என்றது. ஆகவே கவுன்சிலரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள், முடிந்தால் ஒரு வக்கீலை...

இரண்டு பிள்ளை அம்மா:
சார், பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை, வக்கீலும் வேண்டாம். பாய், உங்கள் மனைவியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அவங்கப்பாவுக்குச் சொல்லிவிட்டோம், மெல்ல வருகிறார். டிசம்பரில் மாமியார் திருச்சியிலிருந்து வருகிறார், ஆறு மாதம் இருப்பார். வீட்டில் பெரியவர்களிடம் இதைச் சொன்னவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று தனியாக எழுதுங்கள்.