புதன்கிழமை யார் போவது?

குழு: பாட்டி வீடு

நான்: எல்லோருக்கும் ஒரு விஷயம். பாப்பாவின் வயலின் டீச்சர் வீடு மாறிவிட்டார். இனி வகுப்பு ஊருக்கு அந்தக் கோடியில். அடுத்த மாதத்திலிருந்து புதன், சனி இரண்டு நாளும் அங்கேதான். சனிக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். புதன் எனக்கு ஆபீஸ், அவருக்கு மதிய ஷிஃப்ட். புதன்கிழமைக்கு யாராவது வர முடியுமா?

தம்பி: எவ்வளவு தூரம் அக்கா

நான்: இரண்டு பஸ். நேற்று ஒருமுறை போய்ப் பார்த்தோம். கதவைப் பூட்டியதிலிருந்து திரும்பி வந்து திறக்கும் வரை நான்கு மணி நேரம்.

அண்ணி: ஐயோ

தம்பி: வகுப்பு?

நான்: முக்கால் மணி

அம்மா: என் கண் டாக்டர் சீட்டு யாரிடம் இருக்கிறது

பெரியண்ணன்: உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போடுங்கள். நான்கு மணியில் முக்கால் மணி பாடம் என்றால் மூன்றேகால் மணி ரோட்டில். மாதம் எட்டு நாள். ஆக 26 மணி நேரம் பயணம், 6 மணி நேரம் பாடம். டிக்கெட்டைப் பார்த்தால், இரண்டு பேர், இரண்டு பஸ், போக வர, ஒரு நாளைக்கு 8. மாதத்துக்கு 64 டிக்கெட். மழை பெய்தாலோ கூட்டம் அதிகமானாலோ வயலின் பெட்டியோடு ஏற முடியாது, ஆட்டோதான். அதையும் சேர்த்தால் டீச்சருக்குக் கொடுக்கும் ஃபீஸைவிட வழிச்செலவு அதிகம். கூடப் போகிறவர் அரைநாள் லீவு போட்டால் அதையும் இதே கணக்கில்தான் எழுத வேண்டும். குழந்தை படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிட்டத்தில் ஒரு டீச்சரைப் பாருங்கள் என்கிறேன்.

அக்கா: கிட்டத்தில் இருந்தால் போதுமா அண்ணா

தம்பி: 64 😳

நான்: அண்ணா, டீச்சரை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. பாப்பா ஒரு வருஷமாக வில் இழுக்கும்போது மணிக்கட்டை இறுக்கிக்கொண்டே இருந்தாள். வில்லின் நுனிக்கு வரும்போதெல்லாம் சத்தம் கரகரக்கும். இந்த டீச்சர்தான் எதிரே உட்கார்ந்து, இரண்டே விரலால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கூடவே கையை நகர்த்தினார். வயலின் தலை வலது கணுக்காலில் உட்காரும் இடத்தையும் கொஞ்சம் கீழே தள்ளி வைத்தார். அடுத்த இழுப்பில் வந்த ஷட்ஜம், அந்த ‘ஸ’ ஸ்வரம், இன்னும் என் காதில் இருக்கிறது.

அக்கா: 👏

அண்ணி: ஒரே நாளில் ஒன்றரை மணி எடுக்கச் சொல்லக் கூடாதா? பாதி டிக்கெட் மிச்சம்

நான்: கேட்டேன் அண்ணி. இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். ஒரு வாரம் முழுக்கத் தப்பாகவே சாதகம் செய்தால் அந்தத் தப்பு கையில் உட்கார்ந்துவிடுமாம். பாப்பாவுக்கும் முக்கால் மணிக்கு மேல் தோள் தாங்காது.

அக்கா பையன்: சித்தி, ஆன்லைன்?

அக்கா பையன்: ஆனால் ஜூம் என்றால் ‘ஒரிஜினல் சவுண்ட்’ ஆன் செய்யணும். இல்லாவிட்டால் நீளமாக ஒரே மாதிரி வரும் சத்தத்தை ஃபேன் இரைச்சல் மாதிரி எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். சுருதிப்பெட்டி காணாமல் போகும். நீள வில் இழுத்தால் பாதியில் தேயும்.

பாப்பா: அது மட்டும் இல்லை அண்ணா. டீச்சரோடு சேர்ந்து வாசிக்க முடியாது. அவர் தாளம் போடுவது எனக்கு லேட்டாக வரும். நான் அதற்கு வாசித்தால் அவருக்கு இன்னும் லேட்டாகப் போகும்.

அக்கா பையன்: உண்மைதான். சத்தம் காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகும். அதனால் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசித்தாலே சுமார் 30 மில்லிசெகண்ட் தாமதம். அதைத் தாண்டினால் சேர்ந்து வாசிப்பது கஷ்டம். வீடியோ காலில் 100, 200 எல்லாம் சாதாரணம்.

தம்பி: அப்போ ஆன்லைன் கிடையாது

அக்கா பையன்: அப்படி இல்லை மாமா. டீச்சர் வாசித்து முடித்ததும் இவள் திருப்பி வாசித்தால் பிரச்சினை இல்லை. புதுப் பாடத்துக்கு வேண்டாம். பழையதைச் சரிபார்க்கப் போதும்.

அம்மா: சீட்டு

அண்ணி: தேடுகிறேன் அத்தை

பெரியண்ணன்: குருகுலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. சிஷ்யன் குருவின் வீட்டிலேயே தங்கிவிடுவான். விடியற்காலையில் அவர் சாதகம் செய்வதைக் கேட்டுக் கேட்டே பாதிப் பாடம் ஏறிவிடும். பயணம் என்பது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான்.

அக்கா: தங்கியவர்கள் தண்ணீரும் இறைத்தார்கள், துணியும் துவைத்தார்கள். அதுவும் ஃபீஸ்தான்.

அக்கா: அண்ணா, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. எனக்குச் சங்கீதப் பாடம் ஆதி தாள வர்ணத்தில், இரண்டாம் காலத்தோடு, அதாவது இரட்டை வேகத்தோடு நின்றது. வராமல் நிற்கவில்லை. கூட்டிப்போக ஆள் இல்லாமல் நின்றது. உன் டியூஷனுக்கு அப்பா தினமும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

பெரியண்ணன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தம்பி: அண்ணா என்ன போட்டு அழித்தாய்

அண்ணி: விடு தம்பி

அம்மா: [வாய்ஸ் மெசேஜ் 1:48]

அண்ணி: அத்தை என்ன சொல்கிறார்கள்? இங்கே இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை

நான்: புதன்கிழமை நானே போகிறேன் என்கிறார். அன்றைக்கு அக்காவோடு போயிருக்க வேண்டியதும் நான்தான் என்கிறார்.

அக்கா: அம்மா, நான் உன்னைச் சொல்லவில்லை. அந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறி இறங்க வேண்டாம்.

அம்மா: முடியும்

தம்பி: நான் பைக்கில் கொண்டுபோய் விடட்டுமா

அக்கா: வயலினை முதுகில் மாட்டிக்கொண்டா? பள்ளத்தில் ஒரு குதி குதித்தால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாய்ந்துவிடும்

தம்பி: ஒட்டித்தானே இருக்கும் பெரியக்கா

நான்: ஒட்டமாட்டார்கள். கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. போன வருஷம் ஒருமுறை சாய்ந்து, வகுப்பு முழுக்க அதை நிமிர்த்திச் சுருதி சேர்ப்பதிலேயே போனது.

பாப்பா: மாமா, பஸ் நேரம் எல்லாம் வீண் இல்லை. வரும்போது டீச்சர் வாசித்த ரெக்கார்டிங்கைக் கேட்டுக்கொண்டே மடியில் தாளம் போடுவேன். எட்டு எண்ணிக்கையில் எந்த இடத்தில் முந்துகிறேன் என்று பஸ்ஸில்தான் தெரிகிறது. வீட்டுக்கு வந்தால் ஹோம்வொர்க். போகும்போதுதான் கஷ்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனால் கை நடுங்குகிறது. முதல் பத்து நிமிஷம் வில் நேராக வராது. டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் எனக்கு அழுகை வரும்.

பெரியண்ணன்: இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

பாப்பா: நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள் மாமா

பெரியண்ணன்: சரி. அப்படியென்றால் போகும்போதுதான் வண்டி வேண்டும், வரும்போது பஸ் போதும். போகும்போது நான் காரில் விடுகிறேன். ஆனால் மாதத்தில் இரண்டு புதன்தான் முடியும், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன். திரும்பி வரும்போது யார் துணை என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

நான்: அண்ணா 🙏 வெயிலில் நிறுத்தினால் மட்டும் வயலினைக் காருக்குள் விட்டுவிடாதே. சூட்டில் பசை இளகி ஒட்டு விட்டுவிடும். வில்லையும் தளர்த்தித்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும், பாப்பாவுக்குத் தெரியும்.

பெரியண்ணன்: எனக்கும் தெரியும்

அக்கா: மூன்றாவது புதன் நான். போகவும் வரவும் இரண்டுமே.

தம்பி: நான்காவது?

அக்கா பையன்: ஆன்லைன் 🙋 செட்டிங் எல்லாம் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்

அண்ணி: டீச்சர் ஒத்துக்கொண்டாரா

நான்: இன்னும் கேட்கவில்லை

அண்ணி: முதலில் அதைக் கேள்

அண்ணி: அத்தை, சீட்டு கிடைத்துவிட்டது. என் பையிலேயே இருந்தது. அடுத்த செக்கப் வருகிற புதன்கிழமை என்று எழுதியிருக்கிறது

பெரியண்ணன்: அப்போது அந்தப் புதன் கார் அம்மாவுக்கு

நான்: வகுப்பு அடுத்த மாதம்தான் அண்ணா

பெரியண்ணன்: ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம். இதில் டைப் அடித்தே விரல் வலிக்கிறது.

அக்கா: பாப்பா, வர்ணம் ரெக்கார்டிங் இருந்தால் எனக்கும் ஒன்று அனுப்பு

பாப்பா: எந்தக் காலம் பெரியம்மா

அக்கா: இரண்டாவது

பாப்பா: [ஆடியோ 4:36]

தம்பி: ஐந்து புதன் வருகிற மாதத்தில் ஐந்தாவதுக்கு யார்?

அம்மா: அது எனக்கு