காகிதம் இழுக்கும் ரோலருக்குக் காப்புரிமை எப்படிக் கிடைக்கிறது?

சட்டமாணவி:
நகலெடுக்கும் இயந்திரங்களில் தாள்களை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பும் அமைப்புகளுக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளைப் படித்து வருகிறேன். ஒன்றில் ரோலரின் சுழற்சித் திசை மாறியிருக்கிறது, இன்னொன்றில் ஸ்பிரிங் இருக்கும் இடம் மாறியிருக்கிறது. செஸ்டர் கார்ல்சன் கண்டுபிடித்த, மின்னேற்றத்தால் உலர்முறையில் நகலெடுக்கும் ஜெரோகிராஃபி முற்றிலும் புதியது என்பதில் ஐயமில்லை. ஆனால், அறிந்த சாதனங்களை வெறுமனே மாற்றி அடுக்குவது கண்டுபிடிப்பாகாது என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு சொல்கிறதே. அந்தக் கண்ணோட்டத்தில் இவை எப்படித் தேறும்?

இயந்திரப்பித்தன்:
அந்தப் பிரிவை முழுமையாகப் படியுங்கள். சாதனங்கள் ஒன்றையொன்று சாராமல், தெரிந்த விதத்திலேயே தனித்தனியாக இயங்கினால்தான் அது பொருந்தும். காகித டிரேயைத் திறந்தால், தாளை எடுக்கும் பிக்-அப் ரோலருக்கு அடுத்து, மேலே தாளை முன்னே செலுத்தும் ஃபீட் ரோலரும் கீழே கூடுதல் தாளைத் தடுக்கும் ரிடார்ட் ரோலரும் இருக்கும். கீழே உள்ளதைத் தாளைத் திருப்பி அனுப்பும் திசையில்தான் மோட்டார் சுழற்றப் பார்க்கும். ஆனால் மோட்டாருக்கும் அந்த ரோலருக்கும் இடையில் டார்க் லிமிட்டர் என்ற சிறு உறுப்பு உண்டு; குறிப்பிட்ட அளவை மிஞ்சிய முறுக்குவிசை வந்தால் அது நழுவிக்கொடுக்கும். ஒரே தாள் வந்தால், ரப்பருக்கும் காகிதத்துக்கும் இடையிலான உராய்வு லிமிட்டரை மிஞ்சிவிடுவதால், கீழ் ரோலரும் தாளோடு சேர்ந்து முன்னோக்கியே சுழலும். இரண்டு தாள்கள் வந்தால், அவற்றுக்கு இடையிலான உராய்வு லிமிட்டரை மிஞ்சப் போதாது என்பதால், கீழ் ரோலர் பின்னோக்கிச் சுழன்று அடித்தாளை டிரேக்கே தள்ளிவிடும். சென்சார் எதுவும் தேவையில்லை! ரப்பர் வழவழப்பானாலோ காகிதத் தூசி படிந்தாலோ இந்தக் கணக்கு பிசகும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய காகிதக் கட்டும் அதே தொல்லையைத் தரும். ஆகவே, உரிமை கோரப்படுவது ரோலருக்கு அன்று, இந்த விசைகளுக்கு இடையே அமைத்த உறவுக்கு.

குறிஞ்சி:
வணிகக் காரணமும் உண்டு. கார்ல்சனின் அடிப்படைக் காப்புரிமை 1942 அக்டோபர் 6 அன்று வழங்கப்பட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதன் ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். அந்த முறையில் இயங்கிய ஜெராக்ஸ் நிறுவனத்தின் 914 நகல் இயந்திரம் மக்கள் முன் வந்ததோ 1959 செப்டம்பர் 16 அன்று. அதாவது, அடிப்படை உரிமை காலாவதியாகச் சில வாரங்களே இருந்தபோது. நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் சட்டம் படித்த கார்ல்சன், செயல்முறையோடு நிற்காமல், தானாக இயங்கும் கருவிக்கும் தனியாக 1940இல் விண்ணப்பித்து 1944இல் உரிமை பெற்றார். அதற்கும் 1961 வரைதான் ஆயுள். அதன்பின் போட்டியாளர்களைத் தடுத்து நிறுத்தியவை, நீங்கள் அற்பமானவை என்று கருதும் இத்தகைய பிற்காலக் காப்புரிமைகள்தாம்.

சட்டமாணவி:
டிரேயைத் தாண்டிய பிறகு தாளைக் கையாள்வதிலும் இவ்வளவு நுட்பம் உண்டா?

இயந்திரப்பித்தன்:
அங்கேதான் அதிகம். படத்தைத் தாளுக்கு மாற்றுவது மின்னேற்றம் என்பதால், அதே மின்னேற்றம் தாளை, படம் உருவாகும் உருளையான டிரம்மோடு ஒட்டவைத்துவிடும். 914இல் தாளின் முன்விளிம்பைக் காற்றை ஊதிப் பிரித்தார்கள். அடுத்து, டோனர் என்ற மைத்தூளை உருக்கும் சூடான பகுதியில் தாள் சிக்கினால் கருகும், தீப்பற்றியதும் உண்டு. அதனால் இயந்திரத்தோடு ஒரு தீயணைப்பானையும் கொடுத்து, அதற்குக் ‘கருகல் நீக்கி’ என்று நாசூக்காகப் பெயரும் வைத்தார்கள்.

குறிஞ்சி:
அந்தக் காப்புரிமைக் குவியல் போட்டியை நசுக்குகிறது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1975இல் ஏற்பட்ட இணக்க உத்தரவின்படி, ஜெராக்ஸ் தன் காப்புரிமைகளைப் போட்டியாளர்களுக்கு உரிமத்தில் தர வேண்டியதாயிற்று.