மறு: 'குறுக்கு எதிர்ப்பு' – களைக்கொல்லிக் கலைச்சொற்கள்

> ஒரு களை பல களைக்கொல்லிகளுக்கு மடியாமல் நிற்பதைக் 'குறுக்கு எதிர்ப்பு' என்றோ 'பன்மை எதிர்ப்பு' என்றோ சொல்லலாம். எது வசதியோ அதை வைத்துக்கொள்வோம்.

ஐயா, வணக்கம்.

ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்க முடியாது. இவை இரண்டு வேறு நிகழ்வுகள், இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

அரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பலாரிஸ் மைனர் என்ற புல்தான் பெரிய தலைவலி. உள்ளூரில் அதற்குக் குல்லி டண்டா என்று பெயர் (நம்ம கிட்டிப்புள்ளுக்கும் அங்கே அதே பெயர்தான்). இளசாக இருக்கும்போது கோதுமையா புல்லா என்று சொல்வது கடினம். பிடுங்கி அடித்தண்டைப் பார்த்தால் செம்மை ஓடியிருக்கும், கோதுமையில் அது இருக்காது.

1980களில் இதற்கு ஐசோபுரோட்யூரான் என்ற ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அது வேலை செய்யாமல் போனது. புல் மண்டிய சில வயல்களில் கோதுமையைப் பச்சைத் தீவனமாக அறுத்துப்போட வேண்டி வந்தது. கோதுமை இந்த மருந்தைத் தன் நொதிகளால் சிதைத்துத் தப்பிக்கிறது. அதே வேலையைச் செய்யக்கூடிய செடிகள் புல்லிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. மற்றவை மடிய, அவற்றின் விதை மட்டும் மண்ணில் பெருகியது. (அதனால்தான் 'களை மருந்துக்குப் பழகிவிட்டது' என்று எழுத வேண்டாம் என்கிறேன். தனிச்செடி எதுவும் பழகவில்லை, பிழைத்தவற்றின் சந்ததிதான் வயலை நிரப்பியது.)

டைகுளோபாப் வேறு வகை மருந்து. ஐசோபுரோட்யூரான் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும், இது கொழுப்பு உருவாவதைத் தடுக்கும். ஆனால் முதல் மருந்துக்கு மடியாத புல் இதற்கும் மடியவில்லை. ஒரே சிதைக்கும் திறன் இரண்டையும் சமாளித்தது. முதல் நிகழ்வு இது.

1990களின் இறுதியில் குளோடினாபாப், சல்போசல்பியூரான் போன்றவை வந்து சில ஆண்டுகள் கைகொடுத்தன. பிறகு அவற்றுக்கும் எதிர்ப்பு வளர்ந்தது. செயல்படும் விதத்தில் வேறுபட்ட மூன்று வகை மருந்துகளுக்கும் மடியாத புல்லை ஆய்வாளர்கள் சோக்கரும் சர்மாவும் 2008இல் பதிவு செய்தார்கள். வெவ்வேறு எதிர்ப்புகள் ஒரே செடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வது இரண்டாவது நிகழ்வு.

விவசாயிக்குச் சொல்லும் யோசனையே இதனால் மாறுகிறது. முதல் வகை இருக்கும் வயலில் இதுவரை அடிக்காத மருந்துகூடப் பலிக்காமல் போகலாம், 'மருந்தை மாற்றிப் பாருங்கள்' என்பது அவருக்குப் பணச்செலவு மட்டும்தான். உழாமல் விதைப்பது, இடையில் பெர்சீம் தீவனப்பயிர் போடுவது என்று வேறு வழிக்குப் போக வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருவோம். 'களைக்கொல்லி எதிர்ப்பு' என்று மொட்டையாக விட்டால், களைக்கொல்லியே வேண்டாம் என்கிற போராட்டம் போல ஒலிக்கிறது. 'எதிர்ப்புத்திறன்' என்றால் குழப்பமில்லை, நோய் விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். 'குறுக்கு' எனக்கு ஒப்பவில்லை, குறுக்குவழி, குறுக்குப்புத்தி என்றுதான் மனம் போகிறது. 'பன்மை' இரண்டு நிகழ்வுகளுக்குமே பொருந்திவிடுகிறது, அதனால் எதையும் பிரித்துக் காட்டாது.

முதலாவதற்கு 'உடனெதிர்ப்பு' என்கிறேன், ஒரு மருந்துக்கு எதிராக வந்த திறன் இன்னொன்றுக்கும் கூடவே வருவதால். இரண்டாவதற்கு 'அடுக்கெதிர்ப்பு'. 'உடன்' என்றதும் 'உடனடி' நினைவுக்கு வராதா என்று முன்பு ஒரு நண்பர் வேறொரு சொல்லுக்குக் கேட்டிருந்தார். உடன்பிறப்பு, உடன்படிக்கை எதிலும் அந்தக் குழப்பம் வரவில்லையே!

அகராதிப் பக்கத்தில் இரண்டையும் தனிப்பதிவுகளாக இடலாமா? 'குறுக்கு எதிர்ப்பு' என்று தேடி வருபவர்களை உடனெதிர்ப்புக்கு வழிமாற்றிவிட்டால் போதும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், குறிப்பாக வேளாண் கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள்.