பிளேபேக்கிற்குத் தமிழ்: 'குரல்காட்டல்' சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கைப்பேசியில் ஒரு பறவையின் பாட்டை ஓடவிட்டு, அது கிட்டே வந்ததும் படமெடுப்பதை 'பிளேபேக்' என்கிறோம். இதற்குத் தமிழில் 'பின்னணி இசைப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சென்னையில் இருந்துகொண்டு பின்னணி என்றால் கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வருகிறது. தையல்சிட்டு மைக் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. 'மீளொலிப்பு' பிழையில்லை. ஆனால் அது கருவி செய்வதைச் சொல்கிறது, பறவைக்கு நடப்பதைச் சொல்லவில்லை.

நடப்பது என்ன? போன மாதம் அடையாறில் ஒரு செம்பருத்தி வேலியோரம் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தையல்சிட்டின் குரலைப் போட்டார். 10 கிராம்கூட வராத ஆண் குருவி, அலகில் புழுவோடு கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, திரும்பி வந்தது. வாலைத் தூக்கி, கழுத்தோரக் கறுப்புத் தெரியக் கத்தியது. புழு கீழே விழுந்துவிட்டது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டான் என்று அது நம்பிவிட்டது, அவ்வளவுதான். படம் என்னவோ பிரமாதம்.

ஆக, சொல்லில் அந்த ஏமாற்று தெரிய வேண்டும். பழந்தமிழில் விலங்கையும் பறவையையும் கவர்ந்து பிடிக்கப் பழக்கி வைக்கும் அதே இன விலங்கையோ பறவையையோ 'பார்வை' என்றார்கள். தமிழ் லெக்சிகன் அகராதியிலும் இந்தப் பொருள் உண்டு. அதை வைத்து 'குரற்பார்வை' என்று கட்டிப் பார்த்தேன். வீட்டில் சொன்னதும் கண் ஆஸ்பத்திரியா என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு: குரல்காட்டல். ஆசை காட்டுவது, பழிப்புக் காட்டுவது, பூச்சாண்டி காட்டுவது வரிசையில் இதுவும் ஒன்று. வினையாகவும் வளையும்: 'நன்மங்கலம், மாம்பழச்சிட்டு, குரல் காட்டாமல் எடுத்தது' என்று படத்துக்குக் கீழே எழுதலாம். 'மீளொலிப்புச் செய்யாமல்' என்று யார் எழுதப்போகிறார்கள்?

மறுமொழி:

அண்ணா, ரொம்ப மென்மையாக இருக்கிறது. 'ஒலிக்கண்ணி' என்றே வைத்துவிடலாம். அக்டோபரில் இமய அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் களைத்து வந்திறங்குகிற ஆறுமணிக்குருவியை அதன் குரலைப் போட்டே புதரிலிருந்து இழுக்கிறார்கள். அது கண்ணி இல்லாமல் வேறென்ன?

மறுமொழி:

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் கண்ணி என்றால் காலில் சுருக்கு விழ வேண்டும். இங்கே குருவி ஏமாந்து திரும்பிப் போகிறது. அப்புறம், ஆந்தைக் கணக்கெடுப்பிலும் ஆய்வாளர்கள் இதே முறையைத்தான் அளவோடு கையாளுகிறார்கள். அவர்கள் அறிக்கையில் 'ஒலிக்கண்ணி வைத்தோம்' என்று எழுத மாட்டார்கள். திட்டுவதற்கென்று ஒரு சொல், ஆய்வுக்கென்று ஒரு சொல் என்று இரண்டு வைத்தால் இரண்டும் நிலைக்காது.

மறுமொழி:

எனக்குக் குரல்காட்டல் சம்மதம். ஒரே சந்தேகம். வாயாலேயே 'ப்ஷ்ஷ் ப்ஷ்ஷ்' என்று சத்தம் எழுப்பிக் கதிர்க்குருவியை வெளியே வரவைப்போமே, அதுவும் இதில் சேருமா? அது எந்தப் பறவையின் பாட்டும் இல்லையே. நான் அதை இதுவரை 'புஸ்புஸ்' என்றுதான் சொல்லி வருகிறேன்.